பேட்டரிக்கு அடியில் ஒரு சீட்டு

அத்தியாயம் 6

வக்கீலம்மாவுக்குக் கோபம் வந்தால் பேனா மூடியைக் கடிப்பார். இந்தக் கேஸை எடுத்த ஐந்து நாளில் மூன்று மூடி போயிருந்தது. நான்காவது இப்போது பல்லுக்கு இடையில் இருந்தது.

கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தி எட்டு வருஷம் ஆகியும் எல்லோரும் அவரை வக்கீலம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வாதாடி வாதாடிச் சலித்துப்போய், வாதாடுவதற்கு முன்னால் நடந்தது என்னவென்று யாராவது கண்டுபிடித்துத் தொலைத்தால் தேவலை என்று துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். உதவிக்கு, காலமான கணவரின் தம்பி. வயது நாற்பதை நெருங்கிவிட்டது, வாய் மட்டும் ஓயவில்லை. அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது அண்ணன்காரர். அணைக்கப் பொத்தான் இல்லாத ரேடியோ என்பது வக்கீலம்மா செய்த திருத்தம்.

இருவரும் உட்கார்ந்திருந்தது நீடு போன் தொழிற்சாலையின் மாடியறையில். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதன் வழியாகக் கீழே போன் பொருத்தும் கூடம் தெரிந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட இருபத்திநாலு பெண்கள், மேஜைக்கு மேஜை பூந்தொட்டி, சத்தமே இல்லாத மின்விசிறிகள், மெல்லிசாக ஒரு பாட்டு. போன் டப்பாவின் மேல் அச்சடித்திருப்பதும் இந்தக் கூடத்தின் படம்தான்.

நீடு மற்ற போன்களைப் போலப் பசை போட்டு ஒட்டியது கிடையாது. டப்பாவுக்குள்ளேயே ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர் வைத்து விற்றார்கள். பேட்டரி போனால் பேட்டரி, கண்ணாடி உடைந்தால் கண்ணாடி, வாங்கினவரே திறந்து மாற்றிக்கொள்ளலாம். பத்து வருஷம் வைத்திருக்கலாம். பிள்ளைகளை இறக்கித் தோண்டாத சுரங்கத்துத் தாது, செய்கிறவர்களுக்கு நியாயமான கூலி, காற்றோட்டமான இடம் என்றெல்லாம் டப்பாவில் போட்டிருந்தது. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனாலும், வருஷத்துக்கு ஒரு போனைக் குப்பையில் போட மனசு வராதவர்கள் காத்திருந்து வாங்கினார்கள்.

அப்படி வாங்கியவர்களில் ஒருவர் பஸ் டிரைவர். இரண்டு வருஷம் கழித்து, புதுப் பேட்டரி போட வீட்டில் உட்கார்ந்து போனைத் திறந்தார். பழைய பேட்டரிக்கு அடியில் நாலாக மடித்த ஒரு சீட்டு இருந்தது. நுணுக்கி எழுதிய சில வரிகள்:

"வெளியே பூட்டி வைக்கிறார்கள். ஜன்னல் இல்லை. தீப்பிடித்தால் ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம். படிக்கிறவர் யாரிடமாவது சொல்லுங்கள்."

மூலையில் ஒரு எண். 212.

டிரைவர் சீட்டோடு நேராகக் கம்பெனி ஆபீஸுக்குப் போனார். கொடுங்கள், பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அவர் கொடுக்கவில்லை. ஒரு நகலை மேஜையில் வைத்து, பத்து நாளில் பதில் வரவில்லையென்றால் பத்திரிகைக்குப் போகும் என்று சொல்லிவிட்டு வண்டி எடுக்கப் போய்விட்டார். மறுநாளே நீடுவின் நிறுவனர் அந்த நகலோடு வக்கீலம்மா வீட்டு வாசலில் நின்றார். முப்பத்தைந்து வயசு, கசங்கின பருத்திச் சட்டை, சைக்கிள். முதலாளி என்று கூப்பிட்டால் முகம் சுளிப்பார். எங்கள் பெயரைக் கெடுக்க யாரோ செய்த வேலை, எழுதினது யார் என்று கண்டுபிடித்துத் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

வக்கீலம்மா கண்டுபிடிக்கத் தொடங்கினார். எல்லோரிடமும் கையெழுத்து மாதிரி வாங்கினார். கூடத்தில் இருபத்திநாலு, ஆபீஸில் பதினெட்டு, வாசல் காவலில் மூன்று. ஒன்றும் ஒத்துவரவில்லை. கூடத்துப் பெண்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இது எங்களுக்குக் குடும்பம் மாதிரி மேடம் என்று இருபத்திநாலு பேரும் ஒரே ராகத்தில் சொன்னார்கள்.

"எல்லாரும் ஒரே நோட்ஸை மனப்பாடம் பண்ணியிருக்காங்க அண்ணி," என்றான் ரேடியோ. "ஒரு மரியாதைக்காவது யாராவது ஒருத்தர் தப்பா சொல்ல வேண்டாமா?"

மிஞ்சியது அந்த எண். ஊழியர் அட்டைகளில் எண் உண்டு. 212 யாருடையது என்று கேட்டதற்கு ஆபீஸில் ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். பட்டியல் வந்து சேர இரண்டு நாள் ஆனது. பார்த்தால், 212 கம்பெனியின் வேன்காரர்.

அவரோடு பேசி முடித்து இப்போதுதான் அனுப்பியிருந்தார்கள். ஐம்பது தாண்டிய மனிதர். எழுதச் சொன்னதும் நாக்கை மடித்துக்கொண்டு, சொந்தப் பெயரையே நின்று நின்று எழுதினார். சீட்டில் இருந்தது பொடிப்பொடியான, ஓட்டமான கையெழுத்து. இவருடையது ஒவ்வொரு எழுத்தும் ஒரு திசையில் சாய்ந்தது. போனைத் திறந்து பார்த்ததே இல்லை என்றார். தண்ணீர் கேன் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது என்பதைத்தான் பத்து நிமிஷம் சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து நாள் ஓடித் தேடிய ஒரே பிடியும் போய்விட்டது. வக்கீலம்மா மூடியைக் கடித்தார். அது விரிசல் விட்டது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. நிறுவனர்தான். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

"யாருன்னு தெரிஞ்சுதா மேடம்?"

தெரியவில்லை என்றார் வக்கீலம்மா. சாயங்காலத்துக்குள் ஒரு பெயராவது கிடைத்தால் நல்லது என்று அவர் தன்மையாகச் சொல்லிவிட்டு வைத்தார். அந்தத் தன்மைதான் வக்கீலம்மாவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"எங்க அண்ணி?"

"கீழ. இத்தனை நாளா அவங்க வாயைப் பாத்துக்கிட்டு இருந்தேன். கையைப் பாத்திருக்கணும்."

கூடத்துக்குள் நுழைந்து, மூன்றாவது மேஜைப் பெண்ணின் முன்னால் நின்றார். முதல் நாளே நிறுவனர் கொடுத்திருந்த புது நீடுவை நீட்டி, பேட்டரியைக் கழற்றிக் காட்டச் சொன்னார்.

அந்தப் பெண் சிரித்த முகம் மாறாமல் வாங்கினாள். பின்பக்கம் பார்த்தாள், முன்பக்கம் திருப்பினாள், ஓரத்தை நகத்தால் நெம்பினாள். எதிரே வரிசையாக நின்ற ஸ்க்ரூ டிரைவர்களில் இருப்பதிலேயே பெரியதை எடுத்தாள். அது பொருந்தவில்லை. அடுத்த மேஜைக்காரி எட்டிப் பார்த்து வேறொன்றை நீட்டினாள். திருகை இறுக்குகிற பக்கமே இரண்டு சுற்று சுற்றினாள். கழன்று வந்த ஒரே திருகும் உருண்டு பூந்தொட்டிக்குப் பின்னால் போனது. நாலு நிமிஷம் ஆகிவிட்டது. வாங்கின அன்றைக்கே ரேடியோ இதே வேலையைப் பேசிக்கொண்டே ஒரு நிமிஷத்தில் செய்திருந்தான்.

சிரிப்பு மெல்ல மெல்ல அவள் முகத்திலிருந்து இறங்கியது. வக்கீலம்மா அருகே குனிந்தார்.

"நாங்க டப்பால போட்டு ஒட்டுறதோட சரி மேடம்," என்றாள் அவள், உதடு அசையாமல். "இதை நான் சொன்னதா சொல்லிடாதீங்க."

படிக்கட்டுக்கு வந்ததும் ரேடியோ வாயைத் திறந்தான். "அண்ணி, இது தொழிற்சாலை இல்ல. தொழிற்சாலையோட போட்டோ."

அப்படியானால் தொழிற்சாலை எங்கே? ஆபீஸில் கேட்டார்கள். வேறு இடமே கிடையாது, உதிரி பாகம் வைக்கிற கோடவுன் ஒன்றுதான் என்று பதில் வந்தது. அங்கே யார் வேலை செய்கிறார்கள் என்றால், யாருமில்லை, பூட்டியிருக்கும் என்றார்கள். திரும்பி இறங்கும்போது வக்கீலம்மா பாதிப் படியில் நின்றுவிட்டார்.

"வேன்காரர் தண்ணி கேன் எங்க கொண்டு போறதா சொன்னாரு?"

"கோடவுனுக்கு. தினம் பத்து கேனாம். முதுகெலும்பு ஒவ்வொண்ணா எண்ணிக் காட்டினாரே."

"கோடவுன்ல என்ன இருக்கு?"

"உதிரி பாகம்."

"உதிரி பாகம் தண்ணி குடிக்குமா?"

ரேடியோ ஒரு முழு வினாடி பேசாமல் இருந்தான். அவனைப் பொறுத்தவரை அது நீண்ட மௌனம். பத்து கேன் என்றால் இருநூறு லிட்டர். ஐம்பது பேர் நாள் முழுக்கக் குடிக்கிற தண்ணீர்.

வேன்காரர் பின்முற்றத்தில் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார். வக்கீலம்மா சுற்றி வளைக்காமல், கோடவுனுக்குள் எத்தனை பேர் என்று கேட்டார். கையில் இருந்த கேனைக் கீழே வைத்துவிட்டு அவர் தரையைப் பார்த்தார். பேக்கிங் செக்‌ஷன் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். சாமான் திருட்டுப் போகிறது, அதனால் பூட்டு. அவர் பின்பக்கச் சந்தில் ஒரு தகரக் கதவைத் திறந்து கேனை உள்ளே தள்ளுவார். கைகள் வந்து வாங்கிக்கொள்ளும். மூன்று வருஷமாக முகம் எதையும் பார்த்ததில்லை.

"கேட்டா வேலை போயிடும்மா. அதனால கேக்கல," என்றார். கடைசிக் கேனையும் ஏற்றிவிட்டு, "ஏறுங்க. தூக்க ரெண்டு ஆள் கூட வர்றாங்கன்னு சொல்லிக்கிறேன்," என்று வண்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

வேன் பெரிய சாலையில் ஏறும்போது வக்கீலம்மாவின் போன் மறுபடி அடித்தது.

"ஏதாவது தெரிஞ்சுதா மேடம்? யாருன்னு?"

கோடவுன் என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல் நுனி நாக்கு வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லி, போனை மடியில் கவிழ்த்து வைத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து ரேடியோ, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டான்.

"ரேடியோ, ஒருத்தர் உங்கிட்ட வந்து, உன் இடத்துல ஒரு கதவை வெளிய பூட்டியிருக்கு, உள்ள ஆள் இருக்குன்னு ஒரு சீட்டைக் காட்டினா, முதல்ல என்ன கேப்ப?"

"எந்தக் கதவுன்னு கேப்பேன்."

"அஞ்சு நாளா இவரு எத்தனை தடவை போன் பண்ணிட்டாரு. எந்தக் கதவுன்னு ஒரு தடவையாவது கேட்டாரா?"

ரேடியோ யோசித்தான். அவன் குரல் இறங்கியது. "யாரு, யாருன்னுதான் கேட்டாரு."

"கதவு எதுன்னு அவருக்குத் தெரியும். ஆள் யாருன்னுதான் தெரியல. அதைக் கண்டுபிடிச்சு அவர் கையில குடுக்கத்தான் நம்மளைக் கூப்பிட்டிருக்காரு."

வக்கீலம்மாவுக்கு நிறுவனர் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. இருபது வருஷம் தொழிலாளர் வழக்கே நடத்தியவர். எந்தச் சாட்சி எதை மறைக்கிறான் என்று அவன் நடந்து வருவதைப் பார்த்தே சொன்னவர். ஐந்து நாள், உள்ளே அடைபட்ட ஒருவரைப் பிடித்துக் கொடுக்க, அடைத்து வைத்தவனுக்காகவே வலை வீசிக்கொண்டிருந்திருக்கிறார். அதிர்ஷ்டவசமாகத் தப்பான குளத்தில் வீசினார்.

கோடவுன் தெருவில் எல்லாம் ஒரே மாதிரிக் கட்டடங்கள். டயர், பழைய காகிதம், குழாய். நீடுவின் கட்டடத்தில் பெயர்ப்பலகை இல்லை. முன்னால் இரும்பு ஷட்டர். அதில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு. பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு காவலாளி. வேன் அவனைக் கடந்து, ஆள் நடக்கிற அளவே அகலமான பின்சந்தின் முனையில் நின்றது. சுவரில் முழங்கால் உயரத்தில் தகரக் கதவு. தலை நுழையும், தோள் நுழையாது. வேன்காரர் வெளித்தாழ்ப்பாளை நீக்கி இரண்டு தட்டு தட்டினார்.

திறந்ததும் உள்ளிருந்து சூடு முகத்தில் அடித்தது. உருகின பிளாஸ்டிக் வாடையும் வியர்வையும் கலந்த சூடு. உள்ளே கொர்ர் கொர்ர் என்று நாற்பது ஐம்பது சின்ன மோட்டார்கள் திருகு முடுக்குகிற சத்தம். இரண்டு கைகள் வந்தன. ரேடியோ முதல் கேனை, முனகாமல், வைத்தான். வக்கீலம்மா முட்டி வலிக்கக் குந்தி உட்கார்ந்து கதவுக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார்.

"நாங்க கம்பெனி ஆளுங்க இல்லம்மா. ஒரு சீட்டு கிடைச்சுது."

கைகள் கேனின் மேல் அப்படியே நின்றன. பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். மோட்டார் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பிறகு உள்ளிருந்து, கைகளுக்குப் பின்னாலிருந்து வேறொரு குரல் கேட்டது.

"என்ன நம்பர்?"

"இருநூத்திப் பன்னெண்டு. அது யாரோட நம்பர்னுதான் அஞ்சு நாளா தேடுறேன்."

"ஆளோட நம்பர் இல்லக்கா. சீட்டோட நம்பர்."

வக்கீலம்மா ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ கேனைப் பார்த்தான்.

அந்தக் குரல் அவசரமில்லாமல் சொன்னது. நாளைக்கு ஒரு சீட்டு. முதல் நாள் ஒரு போனில் எண் ஒன்று, மறுநாள் ஒரு போனில் எண் இரண்டு. எண் எதற்கென்றால், சீட்டு கிடைத்த இரண்டு பேர் எங்காவது சந்தித்துப் பேசி, ஒருவர் கையில் ஐந்தும் இன்னொருவர் கையில் நூறும் இருந்தால், ஒரு நாள் நடந்த காரியம் இல்லை என்று அவர்களுக்கே புரியும்.

"நேத்து வச்சது எத்தனையாவது?"

"எண்ணூத்தி நாலு."

குரலே தொடர்ந்தது.

"இதுதான் வாங்கினவங்களே திறக்கிற போன்னு டப்பால போட்டிருக்குக்கா. பேட்டரி ரெண்டு வருஷம் தாங்கும்னும் போட்டிருக்கு. அதனால ரெண்டு வருஷத்துக்கு யாரும் வர மாட்டாங்கன்னு தெரியும். எண்ணிக்கிட்டு இருந்தோம்."

மீதியைக் கேட்டு வாங்கினார். நாற்பத்தாறு பேர். காலையில் எட்டு மணிக்குப் பூட்டினால் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் திறப்பார்கள். பேட்டரிப் பெட்டிகளைக் கதவை ஒட்டி, ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். போன மாதம் ஒரு பேட்டரி உப்பிப் புகைந்தது. அதன் மேல் குடிதண்ணீர் கேன் மூன்றைக் கவிழ்த்து, மிச்ச நேரம் தாகத்தோடு இருந்தார்கள். ஷட்டரைத் தட்டியதற்கு, காவலாளி நேரமாகவில்லை என்று சொன்னானாம்.

"பேர் சொல்லாத," என்றார் வக்கீலம்மா. "முகத்தையும் காட்டாத. எனக்கே தெரிய வேண்டாம். கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

"பழகிடுச்சுக்கா," என்றது குரல்.

பூட்டை உடைத்துவிடலாம் என்றான் ரேடியோ. உடைத்தால் நாளைக்குச் செய்தி கோடவுனில் திருட்டு முயற்சி என்றுதான் வரும் என்று வக்கீலம்மா மறுத்தார். தொழிலாளர் அலுவலகத்தைக் கூப்பிட்டார். பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து மனு கொடுக்க வேண்டும் என்று எழுத்தர் சொன்னார். பூட்டி வைத்தவர் எப்படி நேரில் வருவார் என்று கேட்டதற்கு, விதி அதுதான் என்றார். போலீஸ் நிலையத்தைக் கூப்பிட்டார். அந்தத் தெரு இரண்டு நிலையங்களுக்கு எல்லை. ஷட்டர் ஒரு நிலையத்துக்கு, பின்சந்து இன்னொரு நிலையத்துக்கு. இரண்டு பேரும் மற்றவரைக் கேட்கச் சொன்னார்கள். வக்கீலம்மா பேனாவைத் தேடினார். அதற்கு மூடி இல்லை.

அப்புறம்தான் தோன்றியது. தீயணைப்பு நிலையத்துக்கு அடித்தார். தீ எங்கே என்று கேட்டார்கள்.

"இன்னும் இல்ல. நாப்பத்தாறு பேர், ஒரே வழி, வெளிய பூட்டு, உள்ள கதவை ஒட்டி பேட்டரிப் பெட்டி. தீப்பிடிச்ச அப்புறம் கூப்பிடவா, இப்பவே வர்றீங்களா?"

எதிர்முனையில் தும்மல் கேட்டது. பிறகு, "வழி சொல்லுங்க," என்றது குரல்.

சிவப்பு வண்டி வருவதற்கு முன்னால் நிறுவனர் வந்துவிட்டார். காவலாளி சொல்லியிருப்பான். இத்தனை நாளும் சைக்கிளில் பார்த்தவரை அன்றுதான் பெரிய காரில் பார்த்தார்கள். இறங்கியவர் சத்தம் போடவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் பேசினார். நான் கெட்டவன் இல்லை மேடம் என்று தொடங்கினார். அந்தக் கூடத்தில்தான் ஆரம்பித்தேன், உண்மையாகவே அங்கேதான் செய்தோம் என்றார். ஆர்டர் மலை மாதிரிக் குவிந்தது. தாமதித்தால் ஜனங்கள் பழையபடி ஒட்டி வைத்த போனுக்கே போய்விடுவார்கள். ஒரு ஒப்பந்தக்காரர் செய்து தருகிறேன் என்று வந்தார், கொஞ்ச நாளைக்கு என்று ஒத்துக்கொண்டேன், கொஞ்ச நாள் இப்படி நீண்டுவிட்டது.

"ஒவ்வொரு வருஷமும் எத்தனை போன் குப்பைக்குப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்? இதை இப்ப உடைச்சீங்கன்னா அதெல்லாம் மறுபடி குப்பைக்குத்தான்."

"குப்பைக்குப் போற போனைப் பத்தி இவ்வளவு கவலைப்படுறீங்க," என்றார் வக்கீலம்மா. கட்டடத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

நிறுவனர் குரலைத் தாழ்த்தினார். எழுதினது யார் என்று மட்டும் சொல்லுங்கள், ஒன்றும் செய்ய மாட்டேன், பேசத்தான் என்றார்.

"யாருன்னு எனக்குத் தெரியாது. எத்தனைன்னு தெரியும். எண்ணூத்தி நாலு."

"இருக்காது. சர்வீஸ் கவுன்டருக்கு ஜனங்க கொண்டுவந்து குடுத்த சீட்டு மொத்தமே ஏழுதான்," என்றார் அவர். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது.

ரேடியோதான் பதில் சொன்னான். வழக்கமான கிண்டல் அவன் குரலில் இல்லை.

"கவுன்டருக்கு வராததெல்லாம் ஜனங்க பாக்கெட்டுல இருக்கு சார். பேட்டரி போகப் போக ஒவ்வொண்ணா வெளிய வரும். திறக்கிறதுக்கு ஸ்க்ரூ டிரைவரையும் நீங்களேதான் குடுத்திருக்கீங்க."

நிறுவனர் வேன் ஓரத்தில் கிடந்த காலி கேனின் மேல் உட்கார்ந்தார். எல்லா போனையும் திரும்ப வரவழைத்துவிடலாம் என்று யாரிடமோ சொல்வது போல முணுமுணுத்தார். ஏன் என்று கேட்பார்களே என்பது அவருக்கே தெரிந்திருந்தது, வாக்கியத்தை முடிக்கவில்லை.

தீயணைப்பு அதிகாரி சளிப் பிடித்த, பேச்சுக் குறைந்த மனிதர். பூட்டைப் பார்த்தார். சுவரில் எங்காவது ஜன்னல் இருக்கிறதா என்று கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். சாவியைக் கேட்டார். ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறது என்றான் காவலாளி. அதிகாரி கையைக் காட்ட, ஒருவர் வெட்டுகிற மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். பொறி பறந்தது. மூன்று வருஷப் பூட்டு இரண்டு நிமிஷத்தில் கீழே விழுந்தது.

ஷட்டர் மேலே ஏறத் தொடங்கியதும் நிறுவனர் எழுந்து நின்றார். வெளியே வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் தயாராக, கண்ணைச் சுருக்கிக்கொண்டார். வக்கீலம்மா அதைக் கவனித்தார். பிறகு ஷட்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். எதிரே டயர் கடைச் சுவர். அதைப் பார்த்தபடியே நின்றார். பின்னால் செருப்புச் சத்தம், இருமல், யாரோ ஒருத்தி மெல்ல அழுவது, அதிகாரி தும்மலுக்கு நடுவே ஒன்று, இரண்டு என்று எண்ணுவது எல்லாம் கேட்டது. நாற்பத்தாறு வரும் வரை அவர் திரும்பவில்லை. நடுவில் ஒரு குரல், தண்ணி வேணுமா என்று யாரையோ கேட்டது. அந்தக் குரல் அவருக்கு அடையாளம் தெரிந்தது. அப்போதும் திரும்பவில்லை.

வாழ்நாள் முழுக்க யார், யார் என்று தேடியே பிழைத்தவருக்குக் கழுத்தை அப்படிப் பிடித்து வைத்திருப்பது சாதாரண வேலையாக இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அறிக்கை எழுத உட்கார்ந்தார். கோடவுன், பூட்டு, கவுன்டருக்கு வந்த ஏழு சீட்டு எல்லாவற்றையும் எழுதினார். ஒப்பந்தப்படி கடைசி வரியும் எழுத வேண்டும். எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தொழிலில் அவர் அப்படி எழுதியது அதுதான் முதல் தடவை. நிறுவனருக்கு ஒன்று, இனி நடக்கப்போகும் வழக்குக்காக நீதிமன்றத்துக்கு ஒன்று என்று இரண்டு நகல் எடுக்கச் சொன்னார்.

அடுத்த வாரம் பத்திரிகையில் வந்தது. பேட்டரி நன்றாக இருந்தவர்கள்கூடப் போனைத் திறந்து பார்த்தார்கள். முதல் மூன்று நாளில் அறுபத்தொரு சீட்டு வெளியே வந்தது. ஒரு நர்ஸிடம் 9. ஒரு தையல்காரரிடம் 340. கைதான நிறுவனரும் ஒப்பந்தக்காரரும் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு வக்கீலம்மா பேப்பரைச் சுருட்டி எறிந்தார். ஆனால் வாங்க முன்பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் அதை ரத்து செய்யவில்லை. ஜன்னல் உள்ள இடத்தில் செய்து கொடுங்கள், எவ்வளவு தாமதமானாலும் காத்திருக்கிறோம் என்று எழுதினார்கள். கம்பெனியை நடத்த நீதிமன்றம் நியமித்த அதிகாரி, நாற்பத்தாறு பேரையும் அந்தக் கண்ணாடிக் கூடத்துக்கே கொண்டு வந்தார். பூந்தொட்டிகளை எடுத்து மேஜைக்கு இடம் பண்ணினார்கள். மூன்றாவது மேஜைப் பெண்ணுக்கு இப்போது யாரோ திருகு கழற்றக் கற்றுக்கொடுக்கிறார்களாம். வேன்காரர் வந்து சொன்னார்.

வக்கீலம்மாவுக்கு ஆறாதது ஒன்றே ஒன்றுதான். அந்த ஏழு. ஏழு பேர் படித்திருக்கிறார்கள். படித்து, மடித்து, போனோடு கவுன்டரில் கொடுத்துவிட்டுப் புதுப் பேட்டரி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். அதுதான் அவரைத் தூங்க விடவில்லை.

ஒரு மத்தியானம் பஸ் டிரைவர் போன் செய்தார். வண்டி மாறுகிற இடைவெளியில் பேசுகிறார் போல, பின்னால் ஹாரன் சத்தம். நன்றி சொன்னார். பிறகு தயங்கினார். இந்த போனைக் கையில் எடுத்தாலே என்னவோ செய்கிறது, வீட்டிலும் வேண்டாம் என்கிறார்கள், வைத்திருப்பதா, தூக்கிப் போட்டுவிடுவதா என்று கேட்டார்.

வக்கீலம்மா கடிக்க எடுத்த பேனா மூடியைக் கீழே வைத்தார்.

"வச்சிருங்க," என்றார். "அடுத்த தடவை பேட்டரி போகும்போதும் கவுன்டர்ல குடுக்காதீங்க. நீங்களே திறங்க."